கொற்றியின் ஐந்நூற்றுப் பதினொரு நாழிகை

நீர் குறையாத சுனைகளும் நெல் குறையாத களங்களும் உடைய தண்சுனை நாட்டை ஆண்டருளும் வேந்தர் அகன்றுறைக் கோமான் பணித்த பேரமைச்சுப் பொறுப்பைப் பன்னிரண்டு ஆண்டுகளாகத் தாங்கிவரும் திருநிலை நங்கை, ஆறும் கடலும் கைகோக்கும் கழிமுகக் கூற்றத்தின் ஆள்வாரும், உப்பங்கரை நகரின் காவலரும், வெள்ளத்தை வென்று கரை காத்தமையால் வேந்தர் திருக்கையால் பொற்பூப் பெற்றவருமாகிய வெண்காரியாருக்கு, ஆட்சியாண்டு பதினேழு, தை ஆறாம் நாள் எழுதுவித்த ஓலை.

தங்கள் கூற்றத்துக் கரைகள் உறுதியாக நிற்பதாகுக. உப்பளங்கள் வெளுப்பதாகுக. விடியலில் போன தோணிகள் அத்தனையும் அந்திக்குள் எண்ணிக்கை குறையாமல் திரும்புவதாகுக. தங்கள் இல்லத்தரசியாரின் முழங்கால் நோவு, சென்ற மாரியில் கண்டதைக்காட்டிலும் குறைந்திருப்பதாகுக. இங்கு வேந்தரும் அரசியாரும் அரண்மனைச் சுற்றமும் நலம்.

தை இரண்டாம் நாள் தாங்கள் விடுத்த சுவடி நேற்று முற்பகல் வந்து சேர்ந்தது. அதனுள் இரண்டு பொருள்கள் கண்டோம். ஒன்று, மார்கழித் திங்களில் உப்பங்கரையில் நடந்த மருத்துவர் தேர்வின் முடிவு. அதில் முத்திரை இட்டோம். மற்றொன்று, ஆள்வார் பொறுப்பிலிருந்து தங்களை விடுவிக்குமாறு வேந்தருக்கு எழுதிய விண்ணப்பம். அதில் முத்திரை இடவில்லை. "மூன்றாண்டு சிந்தித்து யாம் வகுத்த விதி ஒற்றை வரியில் வீழ்ந்தது, காரணமும் கூறப்படவில்லை, அவ்வரியை எழுதியவர் எம்மை அறிந்தவர் என்பதே எம் துயரத்தைப் பெரிதாக்கியது" என்று தாங்கள் எழுதியிருந்ததை எழுதுநர் படிக்கக் கேட்டு, அவரை வெளியே அனுப்பிவிட்டு, யாமே மறுபடியும் எடுத்துப் படித்தோம்.

இதற்கு மேல் வருவது எழுதுநரின் கையன்று. எழுத்துக் கோணலாக இருப்பதைக் கண்டே தங்களுக்குத் தெரிந்திருக்கும். "யாம்" என்பதையும் இங்கே நிறுத்திக்கொள்கிறேன். அந்தச் சொல்லை வைத்துக்கொண்டு தங்களிடம் மன்னிப்புக் கேட்க வரவில்லை.

தாங்கள் சொன்னது சரி. மார்கழி ஏழாம் நாள் நான் அனுப்பிய ஓலையில் இருந்தவை ஏழே சொற்கள்: "கொற்றி என்பாள் தேர்வில் அமர்க. நாழிகை விதி நிறுத்தப்படுக." தேர்வுக்கு எட்டு நாள்தான் இருந்தது. குதிரைவீரன் வாசலில் கடிவாளத்தைப் பிடித்தபடி நின்றான். ஆனாலும் இன்னும் இரண்டு வரி எழுத அவன் காத்திருந்திருப்பான். அந்த இரண்டு வரி எனக்கு வரவில்லை என்பதுதான் உண்மை. ஏன் வரவில்லை என்பதையும் சொல்கிறேன். அதற்கு முன் நடந்ததைச் சொல்ல வேண்டும்.

தங்கள் விதியின் பிறப்பை நான் மறக்கவில்லை. நண்டூரில் புதிதாக உரிமை பெற்ற மருத்துவன் அளவு பிசகிக் கொடுத்த மருந்தில் ஒரு வலைஞர் மாண்டதும், தாங்கள் அந்தச் சுடலைக்கு நடந்தே சென்று நின்றதும், அவருடைய மனைவி தங்கள் முகத்தைப் பார்த்து ஒன்றும் கேட்காமல் போனதும் தாங்களே எனக்கு எழுதியவை. படிக்காமல் தேர்வுக்கு வருகிறவர்களைத் தடுக்க வேண்டும் என்று தாங்கள் முடிவு செய்தது அந்த முகத்தைக் கண்ட பிறகு. தேர்வு நடக்கும் மார்கழி பிறப்பதற்கு முந்தைய நூறு நாள்களில் தொள்ளாயிரம் நாழிகை படித்ததாக நாள்தோறும் ஓலையில் குறித்து, ஊர்த் தலைவரின் ஒப்பம் பெற்று வருபவரே தேர்வு மண்டபத்தில் நுழையலாம் என்று விதித்தீர்கள். ஒரு நாளைக்கு ஒன்பது நாழிகை. கேட்பதற்கு நியாயமான எண். நானும் அன்று அதற்கு ஒப்பம் இட்டேன். ஆதலால் பிழையில் எனக்கும் பங்குண்டு.

மார்கழி ஏழாம் நாள் காலை, முறையீடு கேட்கும் மண்டபத்தில் ஒரு பெண் வந்து நின்றாள். வயது முப்பத்தைந்து இருக்கலாம். மூன்று நாள் தோணியிலும் வண்டியிலும் நடந்தும் வந்த புழுதி காலில் இருந்தது. கைகள் மட்டும் கழுவித் துடைத்தவை போலச் சுத்தமாக இருந்தன. உப்பங்கரையில் மீன்கரைத் தெருவின் மருத்துவச்சி, பெயர் கொற்றி என்றாள். முந்தானையில் கட்டி வைத்திருந்த நாழிகை ஓலைகளை அவிழ்த்து என்முன் வைத்தாள். நூறு நாளில் அவள் படித்தது ஐந்நூற்றுப் பதினொரு நாழிகை. தங்கள் அலுவலர் அதன்மேல் "குறைவு; அனுமதி இல்லை" என்று எழுதியிருந்தார். விதிப்படி அவர் செய்தது சரியே.

நான் அந்த ஓலைகளைப் படித்தேன். தாங்கள் படித்திருக்க மாட்டீர்கள். அலுவலர் கூட்டுத்தொகையை மட்டுமே தங்களுக்குச் சொல்லியிருப்பார். ஆகவே சில வரிகளை இங்கே பெயர்த்து எழுதுகிறேன்.

"ஒரு நாழிகை. அழைப்பு வந்தது. உப்பளத் தெரு. பெண் குழந்தை."

"காலையில் மூன்று நாழிகை, நாடி இயல். புரியவில்லை. அதையே மறுபடியும் இரண்டு நாழிகை."

"நான்கு நாழிகை என்று முதலில் எழுதினேன். நடுவில் ஏட்டின்மேல் தலை வைத்துத் தூங்கிவிட்டேன். மூன்று என்று திருத்துகிறேன்."

"படிப்பு இல்லை. இரட்டைப் பிள்ளை."

நூறு நாளும் இப்படியே இருந்தது. எழுத்துக் கூட்டி எழுதிய கை. சில இடங்களில் ஒற்றுக்குப் புள்ளி இல்லை. படித்துக்கொண்டே வந்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது. என்னருகே நின்ற அலுவலர் இருமினார்.

தேர்வு எழுத ஏன் விரும்புகிறாய் என்று அவளைக் கேட்டேன். இருபது ஆண்டுகளாகப் பிள்ளைப்பேறு பார்க்கிறவளுக்கு உரிமை ஓலை எதற்கு என்ற எண்ணத்தில் கேட்டேன். அவள் சொன்னதை அவள் சொன்னபடியே எழுதுகிறேன். அதை நம் நடைக்கு மாற்றினால் அது அவளுடையதாக இராது.

"போன மழைக்காலத்துல ஒருத்திக்குப் புள்ள பொறந்தபெறகு ரத்தம் நிக்கலம்மா. மருந்துச்சாலை எதுத்த வீடு. உரிமை ஓலை இல்லாதவ பூட்டைத் தொறக்கக் கூடாதுன்னுட்டாங்க. உரிமைக்கார வைத்தியரு ரெண்டு ஊரு தள்ளி இருந்தாரு. மருந்து அஞ்சடி தூரத்துல இருந்துச்சு. என் கை சும்மா இருந்துச்சு. அவரு வந்து சேர்றப்ப அவளைத் தெக்கால தலை வெச்சுப் படுக்கப் போட்டிருந்தோம்."

பிறகு நான், அமைச்சர் கேட்கக் கூடாத ஒன்றைக் கேட்டேன். ஒப்பமிடும் ஊர்த் தலைவர் நாள்தோறும் வந்து எண்ணிப் பார்ப்பதில்லையே. தொள்ளாயிரம் என்று எழுதிக்கொண்டு வந்திருந்தால் யாருக்குத் தெரியும் என்று கேட்டேன்.

"எழுதியிருக்கலாம்மா. பக்கத்துத் தெருக்காரங்களும் அதத்தான் சொன்னாங்க. ஆனா வலி எப்ப வந்துச்சு, எத்தினி நேரம் நின்னுச்சுன்னு தப்பாச் சொன்னா உசுரு போயிரும். இருபது வருசமா நேரத்தைச் சரியாச் சொல்லிச் சொல்லியே கை பழகிப்போச்சு. இப்ப பொய்யா எழுதச் சொன்னா அது எழுத மாட்டேங்குது."

அரண்மனை மருத்துவரை அழைத்து மூன்று வினாக்கள் கேட்கச் செய்தேன். இரண்டுக்கு விடை சொன்னாள். நஞ்சுமுறிவு பற்றிய மூன்றாம் வினாவுக்கு, "அந்த ஏடு இன்னும் படிக்கல. ஊருக்குத் திரும்புறப்ப தோணியில படிச்சுருவேன்" என்றாள். முறையிட வந்துபோவதில் தேர்வுக்கு முந்தைய ஆறேழு நாள்கள் அவளுக்குப் போய்விட்டன என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. உடனே அந்த ஏழு சொற்களை எழுதி முத்திரை வைத்தேன்.

விரிவாக எழுத ஏன் கை வரவில்லை என்றால், எழுத உட்கார்ந்ததும் என் கண்முன் வந்தது தங்கள் விதி இல்லை, வெண்காரி. யானைக்கொட்டிலின் தீவனச் சாலை வந்தது.

முப்பத்தொரு ஆண்டுகள் ஆகிவிட்டன. உப்பு வணிகரின் மகனான தாங்களும் யானைப் பாகரின் மகளான நானும், அரசின் எழுத்துப் பணிக்கான ஓலைநாயகத் தேர்வுக்குப் படிக்க வேறு இடம் கிடைக்காமல், வைக்கோல் அடுக்குக்கும் கரும்புக் கட்டுக்கும் நடுவே உட்கார்ந்திருந்தோம். கல்விச்சாலை முற்றத்தில் பெரிய வீட்டுப் பிள்ளைகள் அடியில் துளையிட்ட செப்பு வட்டிலை நீரில் மிதக்கவிட்டு, அது மூழ்கும் நேரத்தை ஒரு நாழிகையாக எண்ணினார்கள். நம்மிடம் செம்பு ஏது? தேங்காய்ச் சிரட்டையைத் தேய்த்துத் தேய்த்து மெலிதாக்கி, அதன் அடியில் தாங்கள் துளையிட்டீர்கள். அரண்மனை நாழிகைக் காவலரிடம் கெஞ்சி அவருடைய வட்டில் மூழ்கும் நேரத்தோடு நம் சிரட்டை மூழ்கும் நேரத்தை ஒப்பிட்டுச் சரி செய்ய இரண்டு நாள் ஆயிற்று. அந்த இரண்டு நாளும் படிப்பே இல்லை. ஆனால் பெரிய கல்விமான்களைப் போல உணர்ந்தோம்.

தன் படிப்பைத் தானே எண்ணுகிறவனுக்குக் கை தாராளமாகிவிடும் என்று சொல்லி, என் நாழிகையைத் தாங்களும் தங்கள் நாழிகையை நானும் எழுத வேண்டும் என்று தாங்களே வகுத்தீர்கள். அன்றும் விதி வகுப்பதில் தங்களுக்கு அப்படி ஒரு விருப்பம். தேர்வுக்குள் ஆயிரம் நாழிகை, ஆயிரத்துக்குக் குறைந்தவர் தேர்வில் அமரக் கூடாது, சத்தியம். கரும்புக் கட்டின்மேல் கை வைத்துச் சத்தியம் செய்தோம். அந்தக் கட்டை யானை இழுத்துக்கொண்டு போனது.

தங்களுக்காக நான் எழுதிய ஓலைகள் என் பேழையில் இருக்கின்றன. கொற்றி போனபின் எடுத்துப் பார்த்தேன். "காலை மூன்று நாழிகை. ஏடு திறந்திருந்தது. கண் திறந்திருந்ததாகச் சொல்ல இயலாது." "இரண்டு நாழிகை. இதில் அரை நாழிகை மாங்காய்க்கு உப்பு தேடப் போனார். உப்பு வணிகர் மகனுக்கு உப்புக் கிடைக்க அரை நாழிகை." "இன்று ஏழு. கோபமாக இருக்கிறார். கேட்டால் எட்டு என்கிறார். ஏழுதான்." பாதி எழுத்துகளைப் பூச்சி தின்றுவிட்டது. மிச்சத்தை விளக்கெண்ணெய் தடவி வைத்திருக்கிறேன். அமைச்சர் அவையில் எத்தனையோ முறை நானே எழுதிய ஆணைகளை மறந்திருக்கிறேன். இந்த வரிகளில் ஒன்றுகூட மறக்கவில்லை.

இப்போது தங்களிடம் முப்பத்தொரு ஆண்டுகளாகச் சொல்லாத ஒன்றைச் சொல்லப்போகிறேன். ஆவணி மாதத்தில் நான்கு நாள் நாழிகைகள் விரைந்து ஓடியது நினைவிருக்கிறதா? நண்பகல் மணிக்குள் பத்து முறை சிரட்டை மூழ்கியது. "இன்று எனக்கு மூளை தெளிந்திருக்கிறது, நிலை, பார்த்தாயா, நேரம் போவதே தெரியவில்லை" என்று என் பெயரைச் சுருக்கி அழைத்துத் தாங்கள் மகிழ்ந்தீர்கள். மூளை காரணமில்லை. எழுத்தாணியின் முனையால் அந்தத் துளையைப் பெரிதாக்கியவள் நான். எனக்கு அலுத்திருந்தது. ஆயிரம் என்ற எண் மலைபோல் நின்றது. அந்த மகிழ்ச்சியைப் பார்த்தபின் ஐந்தாம் நாள் மெழுகு வைத்து அடைத்து மறுபடி துளையிட்டேன். ஆனால் எழுதிய எண்களை அழிக்கத் துணிவு வரவில்லை. தங்கள் எண்ணும் என் எண்ணும் இரண்டுமே அந்த நான்கு நாளில் பொய். பேரமைச்சரின் வாழ்வில் முதல் களவு நேரக்களவு. சிரித்துக்கொள்ளுங்கள். கோபப்பட்டாலும் ஏற்கிறேன்.

அதன் பிறகுதான் என் தந்தைக்கு அடிபட்டது. கொட்டிலின் தூண் பெயர்ந்து அவருடைய இடுப்பில் விழுந்தது. இருபத்து மூன்று நாள் நான் தீவனச் சாலைப் பக்கம் வரவில்லை. அவரால் புரண்டு படுக்கவும் முடியாது. வலி பகலிலும் கண்ணயர விடாது. கால் பிடித்துவிட்டுக்கொண்டே எனக்குத் தெரிந்ததையெல்லாம் வாய்விட்டுச் சொல்லிக்கொண்டிருந்தேன். எனக்குத் தெரிந்தது நில அளவையும் எல்லை வழக்கும் ஓலை முறையும்தான். அவருக்கு ஒரு சொல்லும் விளங்காது. ஆனால் நிறுத்தினால், "ஏன் நிறுத்திட்ட? அந்த வரப்புச் சண்டை என்னாச்சு?" என்று கேட்பார். நான் தொடர்வேன்.

இருபத்து நான்காம் நாள் தங்களிடம் வந்து, என் எண் எண்ணூற்று எழுபத்தாறோடு நின்றுவிட்டது, தேர்வுக்கு நாள் இல்லை, சத்தியப்படி நான் அமரப் போவதில்லை என்று சொன்னேன். அழவில்லை; அழுதேன் என்று தாங்கள் பின்னாளில் பலரிடம் சொன்னது பிழை. தாங்கள் என்னை உட்காரவைத்து, அத்தனை நாளும் என்ன செய்தாய் என்று ஒவ்வொரு நாளாகக் கேட்டீர்கள். சொன்னேன். உடனே எழுத்தாணியை எடுத்து என் ஓலையில் எழுதினீர்கள்: "தந்தையின் கட்டிலருகே. நாளொன்றுக்கு ஆறு நாழிகை. பாடம், எல்லை வழக்கு. கேட்டவர், பாகர் ஒருவர்." நான் மறுத்தேன். அது படிப்பில்லை, அவரைத் தேற்றச் சொன்னது என்றேன். அதற்குத் தாங்கள் சொன்னதைச் சொல்மாறாமல் எழுதுகிறேன்: "வாய் பாடம் சொல்லும்போது கை கால் பிடித்தால் என்ன, கை சும்மா கிடந்தால் என்ன? சிரட்டை எதிரில் இருந்தால்தான் நேரம் ஓடுமா?"

நூற்று முப்பத்தெட்டு நாழிகை. ஆயிரத்துப் பதினான்கு ஆயிற்று. அமர்ந்தேன். எல்லை வழக்கில்தான் அந்த ஆண்டு பெரிய வினா வந்தது.

முடிவு சொல்லும் முரசு கேட்டது. ஓடியது தாங்கள். பட்டியலில் என் பெயருக்கு இரண்டு இடம் கீழே தங்கள் பெயர் இருந்தும், அதைப் பற்றி ஒரு சொல்லும் சொல்லாமல், என்னையும் விட்டுவிட்டு, நேரே கொட்டிலுக்குப் போய் என் தந்தையிடம் சொன்னீர்கள். நான் வந்து சேர்ந்தபோது அவர் தங்கள் கையைப் பிடித்துக்கொண்டு, "எம் மக தேறிட்டாளா, சாமி? அப்ப நான் வலியில கெடந்ததும் வீணாப் போகல" என்று சிரித்துக்கொண்டிருந்தார். அவர் எழுந்து நடக்கவே இல்லை. அடுத்த பங்குனியில் போய்விட்டார். ஆயினும் அந்தச் சிரிப்பைக் கொண்டுவந்து கொடுத்தவர் தாங்கள். நான் அவ்வளவு சீக்கிரம் ஓடியிருக்க மாட்டேன்.

இத்தனையும் மார்கழி ஏழாம் நாள் ஒரே மூச்சில் எனக்குள் வந்தது. என் கணக்கில் கட்டிலருகு நேரத்தைச் சேர்த்து எழுதிய அதே கை வகுத்த விதி, கொற்றியின் ஓலையை உள்ளே பார்க்காமலே திருப்பி அனுப்பியதே என்று எனக்குக் கோபம் வந்தது. பிள்ளைப்பேறு பார்த்துக்கொண்டே குருதிப்போக்கு இயலை மனத்துக்குள் சொல்லிப் பார்த்திருப்பாளே, அந்த நேரத்தை எல்லாம் அவள் எழுதவே இல்லை. எழுதலாம் என்று சொல்ல, தீவனச் சாலையில் எனக்குத் தாங்கள் இருந்ததுபோல் அவளுக்கு யாரும் அருகில் இல்லை. கோபத்தில் எழுதினால் கொடுமையாக எழுதுவேன் என்று அஞ்சி ஏழு சொல்லோடு நிறுத்தினேன். நிறுத்தியதே தங்களுக்குக் கொடுமையாகப் போயிற்று. அதற்காக வருந்துகிறேன். தங்களை அறிந்தவர் என்று என்னைக் குறித்து எழுதினீர்கள். ஆம். அறிந்தவருக்குக் காரணம் சொல்ல வேண்டாம் என்று எண்ணிவிடுவது பதவியில் நெடுநாள் இருப்பவர்க்கு வரும் நோய்.

தேர்வு முடிந்தபின் விடைச்சுவடிகளோடு மற்ற நாற்பத்து மூவரின் நாழிகை ஓலைகளும் வந்தன. நேற்றுப் பிற்பகல் அவற்றைப் பார்த்தேன். ஐப்பசி பத்தொன்பதாம் நாள் கடல் உப்பங்கரைக்குள் புகுந்தது. அன்று விடியலிலிருந்து அந்தி வரை ஊரில் கை கால் உள்ளவர் எல்லாரும் கரைமேல் நின்று மண் சுமந்தனர் என்று தாங்களே வேந்தருக்கு எழுதினீர்கள், அதற்காகத்தான் பொற்பூ. அந்த நாளுக்கு நேராக, நாற்பத்து மூவரில் முப்பத்தேழு பேர் ஒன்பது நாழிகை படித்ததாக எழுதி, ஊர்த் தலைவர் ஒப்பமும் பெற்றிருக்கிறார்கள். கொற்றியின் ஓலையில் அந்த நாள் இப்படி இருக்கிறது: "படிப்பு இல்லை. வெள்ளம். கோயில் மண்டபத்தில் ஒரு பேறு. ஆண் குழந்தை. தாய் நலம்."

அந்த முப்பத்தேழு பேரைத் தண்டிக்க வேண்டாம். துளையைப் பெரிதாக்கியவள் அவர்களைத் தண்டிக்க மாட்டாள். ஒன்பது என்று எழுதாவிட்டால் வாசலில் நிறுத்திவிடுவார்கள் என்றால், மண் சுமந்த கையும் ஒன்பது என்றுதான் எழுதும். அவர்களுக்குப் பொய் எழுதக் கற்றுக்கொடுத்தது நாம் இருவரும் ஒப்பமிட்ட விதி. நம் ஓலைகளை நாம் யாருக்கும் காட்ட வேண்டியிருக்கவில்லை. அதனால்தான் "ஏழுதான்" என்று என்னால் எழுத முடிந்தது.

முடிவைத் தாங்களே கையொப்பமிட்டு அனுப்பியிருக்கிறீர்கள்; ஆயினும் அதையும் என் கையால் எழுத ஆசை. நாற்பத்து நால்வர் எழுதினர். பத்தொன்பது பேர் தேறினர். கொற்றி பதினான்காம் இடம். பேறுகால மருத்துவத்தில் அவளுக்கு மேல் யாரும் இல்லை. நாடி இயலில் இடைநிலை. நஞ்சுமுறிவில் விளிம்பில் தப்பினாள். தோணியில் படித்தது அவ்வளவுதான் போலும். அவளுடைய விடைகளைத் திருத்திய மூவருள் ஒருவர் தாங்கள் என்றும், பெயர் மறைத்த சுவடியில் தாங்களே அவளுக்கு அந்த முதலிடத்தை இட்டீர்கள் என்றும் தேர்வு மண்டபத்தார் எனக்கு எழுதினர். அதைப் படித்தபோது என் கோபம் இருந்த இடம் தெரியாமல் போயிற்று.

இனி ஆணை. மீண்டும் எழுதுநரை அழைத்துவிட்டேன், எழுத்து நேராகும்.

தண்சுனை வேந்தரின் பெயரால் யாம் பணிப்பதாவது. தொள்ளாயிரம் நாழிகை விதி கழிமுகக் கூற்றத்திலும் நாட்டின் பிற கூற்றங்களிலும் இன்று முதல் இல்லை. படிப்பவர் தம் நாழிகையைக் குறித்துக்கொள்வது அவர் விருப்பம். அதனை எந்த அலுவலரும் கேட்கவும் வேண்டாம், பார்க்கவும் வேண்டாம். நண்டூரில் நேர்ந்தது மறுபடி நேராதிருக்க, தேறியவர் ஒவ்வொருவரும் அனுபவம் மிக்க மருத்துவரின் அருகிருந்து ஆறு திங்கள் பணிசெய்து, அவர் கண்முன் மருந்து அளந்து காட்டிய பின்னரே தனித்து மருந்து கொடுக்கலாம் என்னும் முறையை வகுக்க வேண்டும். அம்முறையைப் பங்குனிக்குள் எழுதி அனுப்பும் பொறுப்பு கழிமுகக் கூற்றத்து ஆள்வாருக்கு உரியது. பேறுகாலத்தில் குருதிப்போக்கு நேரின், உரிமை ஓலை இல்லாத மருத்துவச்சி கேட்பினும் மருந்துச்சாலைப் பூட்டுத் திறக்கப்பட வேண்டும். இதற்கு ஆறு திங்கள் காத்திருக்க வேண்டாம், இவ்வோலை கண்ட நாழிகையிலிருந்து நடப்பதாகுக.

விடுவிப்பு வேண்டிய விண்ணப்பம் வேந்தர் பார்வைக்கு வைக்கப்படவில்லை, வைக்கப்படவும் மாட்டாது. மேற்சொன்ன முறையை எழுத வேறு ஆள் இந்நாட்டில் இருப்பதாக யாம் அறியோம்.

இவ்வோலையுடன் கொற்றி என்பாளின் உரிமை ஓலை அரக்கிட்டு இணைக்கப்பட்டுள்ளது. அதனை ஆள்வார் வெண்காரியார் அலுவலர் எவரிடமும் கொடுத்தனுப்பாமல், மீன்கரைத் தெருவுக்குத் தாமே சென்று அவள் கையில் கொடுக்க. அவள் வீட்டில் இல்லையேல், எந்த வீட்டுக்கு அழைத்துச் சென்றார்கள் என்று அக்கம்பக்கத்தில் கேட்டறிந்து அங்கே செல்க. உள்ளே ஆள் அனுப்ப வேண்டாம். குரல் கொடுக்கவும் வேண்டாம். அவ்வீட்டு வாசலில் நின்று, குழந்தையின் அழுகை கேட்கும்வரை காத்திருந்து, அவள் கை கழுவி வெளியே வந்தபின் கொடுக்க.

இது வேந்தர் ஆணை. மீன்கொத்தி பொறித்த பெருமுத்திரை இட்டோம்.

திருநிலை நங்கை